இரவு உயிர்களைப் பார்க்கப் போகிறீர்களா? குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

திருவட்டாறு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் வேலியோரம். இரவு ஒன்பதரை மணி. என் தலைவிளக்கின் மீது நான்கு டார்ச் வெளிச்சங்கள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. "யார் அது?" என்று கேட்டார்கள். "தேவாங்கு பார்க்க வந்தேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஒருவர்கூட நம்பவில்லை. அந்தப் பகுதியில் உலரப் போட்ட ரப்பர் ஷீட் காணாமல் போய்க்கொண்டிருந்த வாரம் அது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கையில் ஆதார் இல்லை. தோட்டக்காரர் பெயர் தெரியாது. வந்த பைக்கை அரை கிலோமீட்டர் தள்ளி இருட்டில் நிறுத்தியிருந்தேன். திருடனுக்கு வேண்டிய எல்லா லட்சணங்களும் என்னிடம் பொருந்தியிருந்தன.

வேலைக்காக மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து தங்கியவன் நான். இரவில் நடமாடும் உயிர்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் முதல் ஆறு மாதம் நன்றாக அலைந்தேன். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று சொல்ல ஆள் இருந்திருந்தால் அதில் பாதி மிச்சமாகியிருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. சரணாலயத்தில் தொடங்காதீர்கள்

காட்டுயிர் என்றதும் பேச்சிப்பாறைக்கும் கீரிப்பாறைக்கும் மேலே உள்ள மலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதற்குள் இரவில் நம் இஷ்டத்துக்குப் போக முடியாது. காளிகேசம் போன்ற இடங்களில் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகலாம் என்றால் அது பகலுக்கு மட்டும். மாலையில் வெளியே வந்துவிட வேண்டும். "சோதனைச் சாவடியில் பேசிப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயத்துக்குள் நுழைவதற்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் உள்ளே பிடிபட்டால், நான் ஒன்றையும் தொடவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உள்ளே இருந்ததே குற்றம்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு இருட்டில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்றே தெரியாது. அடர்ந்த காட்டில் நின்றால் இலைகள்தான் தெரியும். என் முதல் தேவாங்கை நான் பார்த்தது மார்த்தாண்டத்துக்கு அருகே, உடன் வேலை செய்பவரின் வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியிலிருந்து ஐம்பது அடி தூரத்தில்.

2. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

இங்கே தோட்டத்தை 'விளை' என்கிறார்கள். தென்னை, கமுகு, பலா, அயனி (அயனிப்பலா), கொல்லாமா (முந்திரி) எல்லாம் கலந்து, மிளகுக் கொடி ஏறி, வேலியோரம் புதர் மண்டிக் கிடக்கும் பழைய விளைதான் முதல் தேர்வு. தேவாங்கு தரையில் இறங்கி நடக்க விரும்பாது. கிளையிலிருந்து கிளைக்குக் கைமாற்றிப் போவதற்குத் தொடர்ச்சி வேண்டும். கொடி பின்னிய மரங்கள் அதற்குப் பாலம். சுத்தமாக வெட்டிப் பராமரித்த விளையில் அதைத் தேடுவது வீண். ரப்பர் மட்டுமே வரிசையாக நிற்கும் தோட்டத்தின் நடுப்பகுதியும் அப்படித்தான், சத்தமே இருக்காது. அதே தோட்டத்தில் ஓடை குறுக்கிடும் இடத்தில் மூங்கிலும் காட்டுமரங்களும் மிஞ்சியிருந்தால் அந்த விளிம்பில் நில்லுங்கள்.

பலாவும் அயனியும் பழுக்கும் கோடைக் காலத்தில் வாவல்களும் மரநாயும் தேடி வரும். வௌவாலுக்கு இங்கே வாவல் என்றுதான் பெயர், மரநாய்க்கு மரப்பட்டி. மரத்தடியில் புதிதாகக் கடித்துப் போட்ட பலாச் சுளை கிடந்தால் அன்று இரவு அங்கேயே உட்காரலாம். பனையேறும் காலத்தில் அக்கானி (பதநீர்) கலயத்துக்கும் இரண்டும் வரும். கலயத்தில் எது வாய் வைத்தது என்று பனையேறுபவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

மேற்குப் பகுதியில் 'ஏலா' எனப்படும் வயல்வெளிகளும், நாஞ்சில் நாட்டுப் பக்கம் குளத்தங்கரைகளும் தவளைக்கும் இராக்கொக்குக்கும் உகந்தவை. சுசீந்திரம், தேரூர் குளக்கரைகளில் அந்தி சாயும் நேரத்தில் நின்றால், பகல் முழுவதும் மரத்தில் தூங்கிய இராக்கொக்குகள் 'வக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு இரைக்குப் புறப்படுவதைக் காணலாம். வக்கா என்ற பெயரை அந்தக் குரலே சொல்லிக்கொண்டு போகும். சாலையோரத்தில் நின்றபடியே பார்த்துவிடலாம், முதல் நாளுக்கு இதைவிட எளிதான பாடம் இல்லை.

கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் நிலம் வறண்டது. பாறையும் முள்ளும் நிறைந்த அந்தக் காட்டோரத்தில் முயல், முள்ளம்பன்றி, மண்பாதையில் சப்பென்று உட்கார்ந்திருக்கும் பக்கிக் குருவி ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் போகாதீர்கள். காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது சும்மா இல்லை. கணவாய்க் காற்றில் காது பயன்படாது, காது இல்லாமல் இரவில் பாதிக் கண் போனது போலத்தான். நான் ஒரு ஜூலை மாதம் போய் மூன்று மணி நேரம் காற்றைக் கேட்டுவிட்டு வந்தேன்.

கடற்கரை தனிக் கதை. மணலில் வளை தோண்டும் வெளிர்நிற நண்டுகளை எந்த இரவிலும் பார்க்கலாம். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அவற்றைத் தேடித் தனியாக டார்ச்சோடு அலைய வேண்டாம். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கும் வேலையை வனத்துறை தன்னார்வலர்களோடு செய்கிறது. அவர்களோடு சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்பதே சரியான வழி. மீனவ ஊர்களில் இரவில் புது முகம் தெரிந்தால் கேள்வி வரும், அது நியாயமும்கூட. ஊர்க்காரர் ஒருவரை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

3. அனுமதிகளும் தாள்களும்

ரப்பர் ஷீட் சம்பவத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் நான் மிகவும் கறாராகிவிட்டேன்.

தனியார் விளை என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். சட்டம் கேட்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. இரவில் உங்களை நிறுத்துபவரிடம் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். வெள்ளைத் தாளில் நான்கு வரி போதும்: "இன்ன தேதியில் இரவு 7 முதல் 10.30 வரை இன்னாரும் உடன் வரும் மூவரும் என் விளையில் பறவை, விலங்குகளைப் பார்வையிடச் சம்மதிக்கிறேன். எதையும் பிடிக்கவோ வெட்டவோ எடுக்கவோ மாட்டார்கள்." கீழே உரிமையாளரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். குத்தகைக்கு விட்ட விளை என்றால் குத்தகைக்காரரிடமும் சொல்ல வேண்டும். எனக்கு ஒருமுறை உரிமையாளர் சம்மதித்துவிட்டார். தேங்காய் குத்தகைக்கு எடுத்தவருக்குத் தெரியாது. மறுபடியும் டார்ச், மறுபடியும் விசாரணை.

பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் மாலையிலேயே போய் முகத்தைக் காட்டிவிடுங்கள். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் சம்மதத் தாளின் நகலைக் கொடுத்து வாய்மொழியாகச் சொல்லி வைப்பதும் நல்லது. பத்து நிமிட வேலை, செலவு ஒரு ஜெராக்ஸ்.

அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் பெரும்பகுதி காட்டை ஒட்டியே இருக்கிறது. பார்த்தால் தோட்டம் போலத் தெரிவதால் பலர் உள்ளே நடந்துவிடுகிறார்கள். அவற்றைக் காடு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் இரவில் வேண்டாம். மலையோரக் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குள்ளும் வழி கேட்காமல் புகக்கூடாது. அது அவர்களின் வீட்டு முற்றம்.

கொஞ்ச நாள் பழகிய பிறகு வனப்பகுதியில் முறையாகப் போக விரும்பினால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதிச் சீட்டு தர வழி வைத்திருக்கிறது. மனுவில் இவை இருக்க வேண்டும்: வருபவர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, ஆதார் நகல், போகும் இடம், நாள், நேரம், நோக்கம், வண்டி எண், கொண்டுபோகும் கருவிகள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் மனுவில் 'வசதியான ஏதாவது ஒரு நாள்' என்று எழுதியிருந்தேன். பணிவாக எழுதியதாக எனக்கு நினைப்பு. நாள் குறிப்பிடாத மனுவின் மீது யாரும் எந்த உத்தரவும் போட முடியாது என்பது ஒன்றரை மாதம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் மூன்று நாள் விடுப்பு போய்விட்டது. குறைந்தது இரண்டு மாதம் முன்பே கொடுங்கள், மாற்றுத் தேதி ஒன்றும் சேர்த்து எழுதுங்கள். எந்தக் கட்டணமாக இருந்தாலும் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

ஆய்வுக்காக என்றால் அது வேறு கோப்பு. முடிவு எடுக்க வேண்டியவர் தலைமை வன உயிரினக் காப்பாளர், கல்லூரியின் கடிதமும் ஆய்வுத் திட்டமும் கேட்பார்கள். பொழுதுபோக்காகப் பார்க்கிறவர் மரியாதைக்காக 'ஆய்வு' என்று எழுதி அந்த வரிசையில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

4. நாளும் நேரமும்

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் சிறந்தது. பௌர்ணமியில் நமக்கு வழி தெரியும், ஆனால் சிறு விலங்குகள் பலவும் ஆந்தைக்குப் பயந்து நிழலிலேயே ஒடுங்கிவிடும். விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளும் குறையும். ஆந்தையின் குரல் கேட்பதற்கு மட்டும் நிலா இரவு நன்று.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் துலா மழை எனப்படும் வடகிழக்குப் பருவமழையும். அதனால் தவளைக்கு இரண்டு பருவம். மழை பெய்துகொண்டிருக்கும்போது போக வேண்டாம், நின்று ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். கோடை மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் அந்தியை விட்டுவிடாதீர்கள். தேரை, பல்லி, ஆந்தை, பக்கி என்று எல்லாவற்றுக்கும் அன்று விருந்து, எல்லாம் வெளியே வரும். ரப்பர் இலை உதிரும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தரையில் அப்பளம் போலச் சருகு கிடக்கும். புனுகுப் பூனை நடந்தாலும் கேட்கும். உங்கள் காலடியும் அதேபோல அதற்குக் கேட்கும், ஆகவே அந்த மாதங்களில் நடக்காமல் உட்கார்ந்து பாருங்கள்.

டிசம்பரில் சூரியன் ஆறு மணி தாண்டியதும் மறையும், ஜூலையில் ஆறேமுக்காலை ஒட்டி. மறைந்து முக்கால் மணி நேரத்தில் நல்ல இருட்டு. அங்கிருந்து மூன்று மணி நேரம் முதல் சுற்று. இரண்டாம் சுற்று விடியற்காலை மூன்றரைக்கு மேல். அந்த நேரத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் தலைவிளக்கோடு வேலையில் இருப்பார்கள். எங்கே என்ன பார்த்தோம் என்று அவர்களைப் போலச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு பால்வெட்டுக்காரரோடு பத்து நிமிடம் பேசியதில், நான் நான்கு இரவு தேடிய முள்ளம்பன்றியின் வழித்தடம் கிடைத்தது. வேலையை நிறுத்திப் பேசச் சொல்லாதீர்கள். பால் வெட்டி முடித்துத் தேநீர்க் கடைக்கு வரும்போது கேளுங்கள்.

திரும்பும் வழியை முதலில் யோசியுங்கள். மலையோர ஊர்களில் கடைசி பஸ் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். போகும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு இரவு ஆட்டோவுக்கு நான் 900 ரூபாய் கொடுத்தேன். பார்த்ததோ இரண்டு தேரைகள்.

5. பகலில் ஒருமுறை நடந்து பார்ப்பது

இதைத் தவிர்க்கவே கூடாது. அன்று மாலை நான்கு மணிக்கே போய் இரவில் நடக்கப்போகும் பாதையைப் பார்த்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தேங்காய் விழும் மரங்கள், தாழ்ந்த மின்கம்பி, தேன்கூடு, கட்டிப்போட்ட நாய் எல்லாம் பகலில்தான் தெரியும். மார்த்தாண்டம் பகுதி விளைகளில் தேனீப் பெட்டிகள் வரிசையாக இருக்கும், விளக்கோடு அவற்றின் அருகே நிற்காதீர்கள். எச்சம், கால்தடம், கடித்த பழம், கூகை உமிழ்ந்த எலும்பும் மயிரும் கலந்த உருண்டை ஆகியவற்றைப் பகலிலேயே குறித்துக்கொண்டால் இரவில் பாதி வேலை முடிந்தது. நானூறு மீட்டர் பாதை போதும். இரண்டு கிலோமீட்டர் நடந்தவர்களைவிட அதே நானூறு மீட்டரை மூன்று தடவை மெதுவாக நடந்தவர்கள்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

6. சாமான்களும் செலவும்

நான் செலவழித்த கணக்கு இது. பால்வெட்டுக்காரர்கள் வாங்கும் கடையில் சார்ஜ் ஏற்றும் தலைவிளக்கு 650 ரூபாய். குலசேகரம், மார்த்தாண்டம் கடைகளில் கிடைக்கிறது, மழைக்கும் தாங்குகிறது. இதற்கு முன் இணையத்தில் 2,000 ரூபாய்க்கு வாங்கியது ஒரே மழையில் போய்விட்டது. கைவிளக்கு 250, முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் 480, மழைக்கோட்டு 350, நோட்டுப் புத்தகம் 40, விளக்கின் மீது சுற்ற சிவப்புக் கண்ணாடித் தாள் 10. மொத்தம் 1,780.

இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முதல் ஆண்டு அது இல்லாமலே போகலாம். கேமராவையும் முதல் பத்து இரவுகளுக்கு வீட்டிலேயே வைத்துவிடுங்கள் என்பேன். படம் எடுக்கத் தொடங்கியதும் பார்ப்பது நின்றுவிடுகிறது. ஆடை கரும்பச்சை, பழுப்பு போன்ற நிறங்களில் இருக்கட்டும், நடக்கும்போது சரசரக்கும் துணி வேண்டாம். வாசனைத் தைலம் பூசாதீர்கள். மலையோர ஈரப் பகுதி என்றால் அட்டைக்கு நீளமான காலுறையும் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. விளக்கைப் பிடிக்கும் முறை

தொடக்கக்காரர்கள் தவறுவது இங்கேதான். இருட்டுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் கைப்பேசியைத் திறந்து பார்த்தால் போதும், அத்தனையும் போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து. கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள். அவசரத்துக்கு ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

விளக்கு உங்கள் கண்ணுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இரவு விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. நாம் அனுப்பும் ஒளி வந்த திசையிலேயே திரும்புகிறது. விளக்கை இடுப்பில் பிடித்தால் அந்த ஒளியும் இடுப்புக்குத்தான் வரும், கண்ணுக்குத் தெரியாது. தலைவிளக்கின் பயனே அதுதான்.

மரத்தின் அடியிலிருந்து உச்சி வரை, கூட்டிப் பெருக்குவது போல மெதுவாக ஒளியை நகர்த்துங்கள். ஆரஞ்சு கலந்த சிவப்பில், நெருக்கமாக, இரண்டு கண்ணும் உங்களை நேராகப் பார்த்தால் தேவாங்கு என்று நம்பலாம். தரையில் தனியாகச் சிவந்து எரியும் கண் பக்கியாக இருக்கக்கூடும். புல்லில் பனித்துளி போல நூற்றுக்கணக்கில் மினுங்குபவை சிலந்திகள். முதல் தடவை அது உண்மையாகவே பனி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். பசுமஞ்சளில் எரியும் கண்ணைக் கண்டு பரவசப்பட வேண்டாம். அரை மணி நேரம் மூச்சடக்கி நான் பின்தொடர்ந்த அத்தகைய இரண்டு கண்கள் கடைசியில் 'மியாவ்' என்றன.

கண்ணைக் கண்டுகொண்டதும் வெள்ளை ஒளியை விலக்கிச் சிவப்புத் தாள் சுற்றிய விளக்குக்கு மாறுங்கள். நேராக முகத்தில் அடிக்காமல் உடலின் ஓரத்தில் ஒளி விழட்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் ஒரே விலங்கின் மீது வேண்டாம். தேவாங்கு அசையாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் காட்சி தருவதற்காக அல்ல, பயத்தில் உறைந்திருக்கிறது. கிளையை ஆட்டுவது, கல்லெறிவது, கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைப்பது எதுவும் கூடாது. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதும் சட்டப்படி குற்றம். வெளியே என்றாலும் பிடிக்கவோ விரட்டவோ துணியாதீர்கள். தேவாங்கு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் பிடிப்பதும் விரட்டுவதும்கூட அடங்கும்.

தவளையைக் கையில் எடுக்காதீர்கள். நம் தோலில் இருக்கும் உப்பும் கொசுத் தைலமும் அதன் தோலுக்குக் கேடு. ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் பூட்ஸைக் கழுவிக் காய வையுங்கள்.

8. ஆபத்துகள்: பெரியதிலிருந்து சிறியது வரை

எல்லோரும் பாம்பைக் கேட்பார்கள். என் அனுபவத்தில் முதல் ஆபத்து நாய். ஊர் நாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், ஒளியை அவற்றின் முகத்திலிருந்து தரைக்குத் திருப்பி நில்லுங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ உடனே சோப்பு போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

பாம்புக்குப் பூட்ஸ்தான் பாதி மருந்து. கால் வைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வையுங்கள், உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். மரக்கட்டையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே தேவாங்கைத் தேடிக்கொண்டே நடக்கக் கூடாது. பார்க்கும்போது நில்லுங்கள், நடக்கும்போது தரையைப் பாருங்கள். கட்டுவிரியன் கடித்தது சில நேரம் வலிக்காது, அதனால் சந்தேகம் வந்தாலே கிளம்ப வேண்டும். கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. மலையோரத்துக் குழிவிரியன்களுக்கு அது பலிக்காது. அங்கே கிளையைப் பிடித்து ஏறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டு மருத்துவரிடம் காட்டத் தேவையில்லை.

மலையடிவாரத் தோட்டங்களில் புதிய யானை இலத்தி, முறிந்த மூங்கில், வேருடன் சாய்ந்த வாழை கண்ணில் பட்டால் பேச்சே இல்லை, அந்த இரவு முடிந்தது. கீரிப்பாறை, பேச்சிப்பாறை, சிற்றாறு பக்கம் இதை மறக்க வேண்டாம். இருட்டில் யானை நிற்பது இருபதடி தூரத்திலும் தெரியாது.

வாவல்கள் தொங்கும் மரத்தடியில் நிற்காதீர்கள், அவை கடித்த பழத்தைத் தொடாதீர்கள். காலில் புண்ணோடு வயலிலும் குளத்திலும் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். தனியாகப் போகவே போகாதீர்கள். மூன்று பேர் சரியான எண்ணிக்கை, ஆறு பேர் என்றால் அது கல்யாண ஊர்வலம்.

9. முதல் இரவை வீட்டிலேயே

இத்தனையும் படித்து மலைத்துவிட்டீர்கள் என்றால், எந்த அனுமதியும் கேட்காத வழி ஒன்று இருக்கிறது. மொட்டை மாடியிலோ புழக்கடையிலோ ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு பல்பைத் தொங்கவிடுங்கள். புற ஊதா ஒளி தரும் பல்பு என்றால் இன்னும் நல்லது. தெரு விளக்கு படாத பக்கமாக இருக்கட்டும். ஏழரை மணிக்குப் போட்டால் ஒன்பதுக்குள் வேட்டியில் இருபது வகை பூச்சியாவது உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தின்னப் பல்லியும் தேரையும் தாமாகவே வரும். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. விளக்கை விடியும் வரை எரியவிடாதீர்கள். காலையில் கரிச்சான்களும் காக்கைகளும் வரிசையில் வந்து வேட்டியைத் துடைத்து வைத்துவிடும். பதினோரு மணிக்கு அணைத்து, வேட்டியை மெதுவாக உதறி, பூச்சிகளைச் செடிப் பக்கம் விட்டுவிடுங்கள். என் முதல் வேட்டியில் மறுநாள் காலை எஞ்சியது சிறகுகள் மட்டும்.

10. பார்த்ததை எழுதுவதும், சொல்லாமல் விடுவதும்

நாள், நேரம், நிலவின் வளர்பிறை தேய்பிறை, மழை பெய்து எவ்வளவு நேரம், எந்த மரம், எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று அங்கேயே எழுதுங்கள். ஒன்றும் காணாத இரவையும் எழுதுங்கள். பத்து வெற்று இரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் என் இடத்தேர்வே தவறு என்று எனக்குப் புரிந்தது.

பார்த்த உயிர்களைப் பதிவு செய்யும் இணையதளங்கள் இருக்கின்றன: பறவையை ஈபேர்டிலும் (eBird) மற்றவற்றை ஐநேச்சுரலிஸ்டிலும் (iNaturalist) ஏற்றலாம். அழியும் நிலையில் உள்ளவற்றின் துல்லியமான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துக்காட்டும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தேவாங்கை மாந்திரீகத்துக்காகவும் மருந்து என்று சொல்லியும் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழுங்குக்கும் (எறும்புதின்னி) அதே நிலை. ஊர்ப் பெயர், விளையின் பெயர், பின்னணியில் தெரியும் கோயில் கோபுரம் எதுவும் படத்தோடு வெளியே போகக்கூடாது. கைப்பேசிக் கேமராவின் இடக்குறிப்பை அணைத்துவிட்டே கிளம்புங்கள். உறவினர் குழுவில் பெருமைக்காகப் போட்ட ஒரு படம் மூன்று நாளில் எனக்கே வேறொருவரிடமிருந்து திரும்பி வந்தது, 'எந்த இடம் சார்?' என்ற கேள்வியோடு.

11. கிளம்பும்போது

சம்மதம் கொடுத்த வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நேரமாகிவிட்டதே, தூங்கியிருப்பார்களே என்று நானும் நண்பர்களும் முதல் சில தடவை சத்தமில்லாமல் போய்விட்டோம். நான்காவது தடவை, ரப்பர் விளைக்காரப் பெரியவர் திண்ணையிலிருந்தே கேட்டார்: "பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்தாயிற்றா? நான் படுக்கலாமா?" முந்தைய மூன்று இரவும் விடியற்காலை பால் வெட்ட ஆட்கள் வரும்வரை அவர் விழித்திருந்திருக்கிறார்.